வெளித் தாழ்ப்பாள்

முதலில் செருப்பைப் பார்ப்பார். பிறகுதான் ஆளைப் பார்ப்பார். ஆளைப் பார்க்கும் அவசியம் பல நாள் ஏற்படுவதே இல்லை. ஐந்து குளியலறைக் கதவுகளுக்கு முன்னால் கிடக்கும் செருப்புகளை வைத்தே உள்ளே இருப்பது யார், இப்போதுதான் நுழைந்தது யார், தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருப்பது யார் என்று சொல்லிவிடுவார்.

"இது கண்ணாடி லோடுக்காரன். வலது செருப்பு மட்டும் முன்னாடி தேஞ்சிருக்கு பாரு. பிரேக்கை மிதிச்சே தேச்சிருக்கான். கண்ணாடி ஏத்தினவன் வேற என்ன செய்வான்?" அடுத்த கதவுக்குப் போவார். "இது புதுசு. மாமனார் வீட்டுல வாங்கிக் கொடுத்தது. சொந்தக் காசுன்னா இந்தக் கலர் எடுப்பானா?"

நெடுஞ்சாலையை ஒட்டி, இரவில் லாரிகள் நின்று போகும் யார்டு அது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் வண்டியை வரிசையில் விட்டு, கேபினிலேயே தூங்கி, எழுந்து குளித்து, துணி அலசி, வண்டிக்கும் ஒரு குளியல் போட்டுக் கிளம்புவார்கள். ஐந்து குளியலறைகள், துணி துவைக்க மூன்று கல், பழைய சரக்குப் பலகைகளை எரித்துச் சூடாகும் ஒரு பாய்லர், வண்டி கழுவ ஒரு மேடை. ஐந்தாம் அறையை ஒட்டினாற்போல் பம்ப் அறை. இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை எழும்பாமல், கட்டியவனுக்குப் பாதியில் சலித்துவிட்டதைப்போல ஆள் உயரத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது. பம்ப் அறைக்குள் இருக்கும் சக்கர வால்வைத் திருப்பினால்தான் ஐந்து அறைகளுக்கும் தண்ணீர் போகும். திறக்கும்போது கிறீச்சிடும். மூடும்போது முனகும்.

அதைத் திருப்புகிறவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. வால்வு அண்ணன். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வீட்டிலேயே இருக்கிறது.

ஒரு காலத்தில் அவரும் லாரி ஓட்டியவர்தான். மலைப்பாதையில் பாரத்தோடு பின்னால் உருண்ட வண்டியைப் பாறையில் அணைத்து நிறுத்தியவர், மழையில் பாலம் போன இரவில் வண்டிக் கூரைமேல் உட்கார்ந்து விடிய வைத்தவர், கடைசியில் ஏதோ ஒரு யார்டின் குளியலறையில் வெறுங்காலோடு நடந்து வழுக்கி விழுந்தார். இடுப்பு அதோடு சரி. கிளச்சை மிதிக்கும் போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வால்வைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டும் வட்டம்தான், இது நகராது, அவ்வளவுதான்" என்பார்.

அன்றிலிருந்து வெறுங்காலோடு யாரைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. "டேய், செருப்பைப் போடு! ஈர சிமெண்டு நீ யார் பெத்த பிள்ளைன்னு பார்க்காது!" என்று யார்டின் மறுகோடியிலிருந்து கத்துவார். அவர் காலில் இருப்பது டயர் செருப்பு. வாசலில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், பெயரும் பஞ்சர்தான், செத்துப்போன லாரி டயரை வெட்டித் தைத்துக் கொடுத்தது. ஒரு வார் அறுந்த இடத்தில் நீல ஒயர் கட்டியிருக்கும். அந்தச் செருப்பு நடந்த இடத்தில் சின்னதாக ஒரு லாரி போன தடம் தெரியும்.

இன்னொரு விஷயமும் யார்டில் பிரசித்தம். ஊர் உலகத்தையெல்லாம் குளிக்க வைப்பவர், தான் குளித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. வீட்டில் குளித்துவிட்டுத்தான் வருவார். "அண்ணே, நீங்க குளிப்பீங்களா, இல்ல வண்டி மாதிரி மாசத்துக்கு ஒரு தடவை சர்வீஸா?" என்று கேட்பார்கள். "ஸ்வீட் கடைக்காரன் ஸ்வீட் தின்னு பார்த்திருக்கியா? போடா" என்பார்.

வெளித் தாழ்ப்பாள் முதலாளி போட்டது. சுற்றுலா வேன் ஒன்று ஒருநாள் பகலில் வந்து, உள்ளே இருந்த கூட்டம் மொத்தமும் இறங்கி, பாய்லர் காலியாகும்வரை குளித்துவிட்டுப் போய்விட்டது. அன்று மாலை வந்த டிரைவர்களுக்குப் பச்சைத் தண்ணீர்தான். முதலாளி இளவயசுக்காரர். எதையும் ஒரே நாளில் சரிசெய்துவிடுவார். ஐந்து கதவுகளுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வந்தது, அதில் மாட்டப் பூட்டும் வந்தது. காலை வண்டிகள் கிளம்பியதும் வால்வு அண்ணன் ஒரு சுற்று வருவார். செருப்பு இல்லாத கதவாகப் பார்த்துத் தாழ்போட்டுப் பூட்டுவார். பிறகு வால்வை மூடுவார். மோட்டார் மெதுவாகத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி மாலையில் வருவார், ராத்திரி வண்டிகள் அடங்கியதும் மறுபடி வீடு. இந்த ஏற்பாட்டில் ஓட்டை எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை.

இந்த ஏற்பாடு பிசகிய நாளுக்கு முந்தின மாலை, மூலையில் இருந்த குறுகலான இடத்தில் ஒரு மெத்தை லோடு பின்பக்கமாகவே வந்து, ஒரே திருப்பில் நின்றது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி. வால்வு அண்ணன் துவைகல் பக்கமிருந்து பார்த்து வாய்விட்டுப் பாராட்டினார். "எவன்டா அவன்? கை தேர்ந்த பய. வெண்ணெயில கத்தி இறங்கின மாதிரி இறக்கிட்டான்!"

காலையில் எல்லா வண்டியும் கிளம்பிவிட்டது. மூலை வண்டி மட்டும் நின்றது. தூங்குகிறான் போலிருக்கிறது, கை தேர்ந்த பயலுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்று விட்டுவிட்டார். வழக்கமான சுற்று. பஞ்சரும் பேச்சுத் துணைக்குக் கூடவே வந்தார். ஐந்து கதவின் முன்னாலும் செருப்பு இல்லை. ஒவ்வொன்றாகத் தாழ்போட்டார். ஐந்தாம் கதவில் பூட்டை மாட்டும்போது பஞ்சர் கேட்டார்.

"தட்டிப் பார்க்க மாட்டியா? உள்ள எவனாவது இருந்தா?"

"தட்டுறதா? என் கண்ணுக்குத் தப்பி இந்த யார்டுல ஒரு ஈ குளிச்சிட முடியுமா? செருப்பு இல்லேன்னா ஆள் இல்லே. அவ்வளவுதான்!"

வால்வு முனகியது. இருவரும் டீக்கடை வரை பேசிக்கொண்டே போனார்கள்.

மாலையில் வந்து வால்வைத் திறந்ததும் ஐந்தாம் அறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பூட்டிய வீட்டுக்குள் பேச்சுக் குரல் கேட்டதுபோல் அவருக்கு இருந்தது. அடுத்த கணமே கோபம் வந்தது. "எந்த மகராசன்டா குழாயைத் திறந்துபோட்டுட்டுப் போனவன்! அப்பன் வெட்டின கிணறா இது!" என்று கத்திக்கொண்டே போய்ப் பூட்டைத் திறந்து, தாழை இழுத்து, கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. ஈரத்தில் உப்பியிருக்கும் என்று தோளைக் கொடுத்தார்.

"அண்ணே, தள்ளாதீங்க."

பெண் குரல். உரக்கச் சொல்லவில்லை. பல முறை சொல்லிப் பார்த்து, எந்த அளவு சத்தம் போதும் என்று முடிவு செய்துவைத்த குரல்.

"உள்ளே தாழ் போட்டிருக்கேன். தலையில ஷாம்பு இருக்கு. அலசிட்டு வந்திடறேன்."

வெளியே பூட்டியிருந்த கதவு உள்ளேயும் தாழிட்டிருந்தது. அது என்ன என்று புரிய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. புரிந்தபிறகு என்ன செய்வதென்றுதான் புரியவில்லை. கதவருகில் நிற்பது தப்பு. விட்டுவிட்டுப் போனால் வேறு எவனாவது வந்து நிற்பான், அது அதைவிடத் தப்பு. சற்றுத் தள்ளிப் போய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். உள்ளே விழும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் தன் தலையில் விழுவதுபோல் கழுத்தைச் சுருக்கிக்கொண்டார்.

வெளியே வந்தவள் நாற்பதை நெருங்கும் ஒரு பெண். காக்கிச் சட்டை, தலையில் துண்டு, கையில் ஒரு பை. முகமெல்லாம் வெந்திருந்தது. பகல் முழுக்க வெயில் ஏறிய தகரக் கூரைக்குக் கீழே இருந்தவள். கதவைத் தாண்டியதும் பையிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே போட்டுக் காலை நுழைத்தாள். அந்தச் செருப்பை வால்வு அண்ணன் பார்த்தார். சாதாரண ரப்பர் செருப்பு. அதிலிருந்து அவரால் எதையும் படிக்க முடியவில்லை.

"நீங்கதானாம்மா மூலை வண்டி?"

"ஆமாண்ணே."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் நின்றபடியே குடித்து முடிக்கும்வரை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பாய்லரைப் பார்த்தார்.

"ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதாம்மா? கதவைத் தட்டியிருக்கலாமே. பஞ்சர் கடை பக்கத்துலதானே இருக்கு..."

"சத்தம் போட்டா யாரு வருவாங்க? நீங்க மட்டுமா வருவீங்க?"

அவர் கையிலிருந்த பூட்டை மடியில் செருகிக்கொண்டார்.

"பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு ஆம்பளைங்க. சரி, போகட்டும்னு குழாயை மூடிட்டு நின்னேன். அதுக்குள்ள பூட்டிட்டீங்க. அப்புறம் என்னமோ முனகிச்சு, குழாயைத் திறந்தா தண்ணி இல்ல. வாளியில கிடந்தது கண்ணைக் கழுவத்தான் சரியா இருந்துச்சு. போன் வண்டியில சார்ஜ்ல கிடக்கு." தலைத் துண்டை இறுக்கிக்கொண்டாள். "ஈ கூட குளிக்க முடியாதுன்னு சொன்னது நீங்கதானே?"

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. குரலை அடையாளம் பார்க்கத்தான் கேட்டாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வண்டியில் போன் நிறையத் தவறிய அழைப்புகளோடு கிடந்தது. மத்தியானத்துக்குள் சரக்கை இறக்க வேண்டிய குடோனில் அவள் முறை போயிருந்தது. வண்டியின் சொந்தக்காரரும் பல தடவை கூப்பிட்டிருந்தார்.

"போனைக் கொடும்மா, நான் பேசறேன். என் தப்புன்னு நான் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீங்க? குளிக்கப் போன இடத்துல வெச்சுப் பூட்டிட்டேன்னா? நாளைக்கு எல்லா யார்டுலயும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. நான் எங்க வண்டியை நிறுத்தினாலும் அந்தக் கதை எனக்கு முன்னாடி வந்து நிக்கும்." டயரை ஒரு தட்டு தட்டினாள். "பஞ்சர்னு சொல்லிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே. அது போதும்."

"சொல்ல மாட்டேன்" என்றார். நல்லபடியாக ஓடிய வண்டியின்மேல் ஒரு பொய்ப் பஞ்சரை ஏற்றிக்கொண்டு அவள் கிளம்பினாள். மூலையிலிருந்து ஒரே திருப்பில் வெளியே எடுத்தாள். அதைப் பாராட்டும் நிலையில் அவர் இல்லை.

வால்வு அண்ணனின் வாயில் எதுவும் தங்காது. யார்டில் ஒரு டயர் வெடித்தால் அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த யார்டில் சொல்லிவிடக்கூடியவர். அப்படிப்பட்டவர் அன்றிரவு வீட்டுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். பிசைந்தார், சாப்பிடவில்லை. அவர் மனைவி தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க நின்று வந்த கால்களை நீட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஒரு யார்டுல நடந்துச்சாம்" என்று ஆரம்பித்தார் இவர். "ஒருத்தன், தெரியாம, ஒரு பொம்பளை உள்ள இருக்கிறது தெரியாம, பாத்ரூமை வெளியில பூட்டிட்டானாம்."

மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் செருப்பு வரைக்கும் சொல்லி முடித்தார்.

"அந்த ஒருத்தன் சாப்பிட்டானா?" என்றார் மனைவி.

இவர் தட்டைப் பார்த்தார்.

"சாப்பிடச் சொல்லுங்க. பட்டினி கிடந்தா பூட்டினது திறந்துக்குமா?"

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இவர் கேட்டார். "அது இருக்கட்டும். செருப்பை எதுக்கு உள்ளே எடுத்துட்டுப் போகணும்? வெளியே விட்டிருந்தா இந்த வம்பே இல்லையே?"

"வெளியே விட்டா, உள்ளே பொம்பளைன்னு தெரிஞ்சுபோகும். அப்புறம் அந்தப் பக்கம் நாலு பேருக்கு இருமல் வரும். ரெண்டு பேருக்குப் பாட்டு வரும். ஒருத்தன் செருப்பை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு, வந்து கேட்டு வாங்கிக்கன்னு நிப்பான். எங்க கம்பெனியில மட்டும் என்ன? நாங்களும் உள்ளேதான் எடுத்துட்டுப் போவோம். வெளியே கிடந்தா சூப்பர்வைசர் யாரு எவ்வளவு நேரம்னு பார்த்துட்டு நிப்பான்."

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொன்னதில்லையே நீ?"

"செருப்பைப் பார்த்தே எல்லாம் தெரியும்கிறவர்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

மறுநாள் ஸ்குரூ டிரைவரோடு போனவர் ஐந்து வெளித் தாழ்ப்பாள்களையும் கழற்றினார். கழற்றிய ஒன்றை ஐந்தாம் அறையின் உட்பக்கம், ஏற்கெனவே இருந்ததற்கு மேலே போட்டார். மற்ற நான்கையும் பம்ப் அறை மூலையில், கண்ணில் படாதபடி பழைய சாக்குக்குக் கீழே தள்ளினார். அத்தோடு மத்தியானத் தூக்கமும் போயிற்று. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குத் தானே தாழ்ப்பாளாக, சாப்பாட்டுத் தூக்கோடு பகலெல்லாம் யார்டிலேயே உட்கார்ந்தார். இருந்தும் அவர் டீ குடிக்கப் போன ஒரு நேரத்தில் ஒரு வேன் வந்து தன் வேலையைக் காட்டிவிட்டுப் போனது. மாலையில் பச்சைத் தண்ணீரில் நின்றவர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் அன்போடு விசாரித்தார்கள்.

முதலாளி காரிலிருந்து இறங்கியதும் நேரே கதவுகளிடம் போனார்.

"தாழ்ப்பாள் எங்க?"

"துருப்பிடிச்சிடுச்சு சார்."

"அஞ்சுமா? ஒரே நாள்லயா?"

"ஈரம் சார்."

"புதுசு வாங்கிப் போடுங்க."

"சரிங்க சார்."

அவர் போடவில்லை. முதலாளி அடுத்த முறையும் கேட்டார். ஒரு வரி உண்மை சொன்னால் முடிந்துபோகும். அந்த ஒரு வரி அவருடையதல்ல. "நாளைக்குப் போட்டுடறேன் சார்" என்றார். "உங்களுக்கு வயசாயிடுச்சு. முடியலேன்னா சொல்லுங்க, வேற ஆள் பார்த்துக்கிறேன்" என்றார் முதலாளி, எல்லார் காதிலும் விழும்படி. வண்டி ஓட்டிய காலத்தில் போலீஸ்காரருக்கே பதில் பேசியவர், தலையை ஆட்டினார்.

செருப்பு ஜோசியமும் நின்றுபோனது. இப்போது ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். விரியத் திறந்து கிடக்கும் கதவைக்கூடத் தட்டி, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எட்டிப் பார்க்கிறார்.

"அண்ணே, செருப்பு கிடக்கே, தெரியலையா? கண்ணு போச்சா?" என்று கண்ணாடி லோடுக்காரர் உள்ளிருந்து கத்தினார்.

"போச்சுடா" என்றார். கேட்டவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மூலை வண்டி மறுபடி வரப் பல நாள் ஆயிற்று. ஒரு காலை, மற்ற வண்டிகள் பாதிகூடக் கிளம்பாத நேரம், வண்டி கழுவும் மேடையில் நின்றவர் நிமிர்ந்து பார்த்தபோது, மெத்தை லோடு மூலையில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண். அவள் இறங்கினாள். குளியலறைப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கேன் தண்ணீரை எடுத்துக்கொண்டு வண்டிக்கும் மதிலுக்கும் நடுவில் போய், குனிந்து, சட்டைக் காலர் நனையாமல் முகத்தை மட்டும் கழுவினாள். கழுத்தின் பின்புறத்தை ஈரத் துண்டால் துடைத்தாள். பிறகு, நீளப் பயணத்தில் எல்லாரும் செய்வதுபோல, துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

வெந்நீர் ஆவி பறக்கும் யார்டில், ஒருத்தி கேன் தண்ணீரில் முகம் கழுவுவதை வால்வு அண்ணன் பார்த்தார். மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்க்க அதில் ஒன்றுமில்லை.

ஹோஸை இழுத்துக்கொண்டு போய் அவள் வண்டியின் பின் டயரைக் கழுவத் தொடங்கினார். யாரும் கேட்காமலே. டயரைப் பார்த்துத்தான் பேசினார்.

"அஞ்சாம் நம்பர்ல தண்ணி சூடா இருக்கு. வெளியில தாழ்ப்பாள் கிடையாது. கழட்டிட்டேன்."

டயரில் ஒட்டியிருந்த சேறு கரைந்து ஓடியது.

"உள்ளே?" என்றாள்.

"உள்ளே ரெண்டு இருக்கு."

"ரெண்டா?"

"ஒண்ணு போதாதுன்னு தோணிச்சும்மா."

அவள் அவரை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தாள். "தண்ணி?"

"வால்வு பக்கத்துலயே இருப்பேன். நிக்காது."

அவள் பையை எடுத்தாள். ஐந்தாம் கதவுவரை போய், இரண்டு பக்கமும் பார்த்து, செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஒரு தாழ் விழுந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்றும் விழுந்தது.

வால்வு அண்ணன் பம்ப் அறைப் பக்கம் நடந்தார். அப்போதுதான் எதிரே தோளில் துண்டோடு கண்ணாடி லோடுக்காரர் வருவதைக் கண்டார். முதல் நான்கு கதவுகளின் முன்னாலும் செருப்புகள் கிடந்தன. ஐந்தாம் கதவின் முன் எதுவும் இல்லை. கண்ணாடிக்காரரின் கண் அந்த வெறும் சிமெண்டில்தான் இருந்தது. வந்து தள்ளுவார். திறக்காது. ஈரத்தில் உப்பியிருக்கும் என்று தோளைக் கொடுப்பார். யார்டு முழுவதற்கும் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் வால்வு அண்ணன்தானே, செருப்பு இல்லேன்னா ஆள் இல்லே என்று.

நல்லவேளை, சோப்பை மறந்த கண்ணாடிக்காரர் அதை எடுக்கத் தன் வண்டிப் பக்கம் திரும்பினார். அதற்குள் வால்வு அண்ணன் நடந்துகொண்டே டயர் செருப்பை உதறினார். ஒன்று குப்புற விழுந்தது. குனிந்து அதை நிமிர்த்தி, இரண்டையும் கதவைப் பார்த்தபடி நேராக வைத்தார். நீல ஒயர் நன்றாகத் தெரிந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஈர சிமெண்டில் ஒவ்வொரு அடியையும் வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து நடந்து பம்ப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அடேயப்பா!" கண்ணாடிக்காரரின் குரல் யார்டைத் தூக்கியது. "டேய் பஞ்சர், ஓடி வா! வால்வு அண்ணன் குளிக்கிறாரு!"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. யாரும் வராமலிருக்க வைத்த செருப்பு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் காலடிச் சத்தமும் கதவின் முன்னால் சேர்ந்தன.

"அண்ணே, முதுகு தேய்க்கணுமா? ஹோஸ் கொண்டுவரவா?"

"பார்த்துண்ணே, அழுக்கு அடைச்சுக்கப் போகுது, குழாய் புதுசு!"

சுவரின் மறுபக்கம் குழாய்ச் சத்தம் நின்றது. சோப்புப் பெட்டி மூடும் சின்ன ஒலிகூடக் கேட்டது. அதற்குப்பிறகு எதுவும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் நிற்கும்போது இருக்கும் நிசப்தம்.

வால்வு அண்ணன் கூரை தொடாத அந்தச் சுவரின் மேல் விளிம்பை நோக்கி முகத்தைத் தூக்கினார்.

"போங்கடா அந்தப் பக்கம்! மனுஷன் குளிக்கிற இடத்துல என்னடா கூட்டம்? வெட்கமா இல்லே?"

குரல் கூரைத் தகரத்தில் மோதி, ஐந்தாம் அறைக்குள்ளிருந்து வருவதுபோலவே வெளியே விழுந்தது. கூட்டம் இன்னும் ஒரு முறை சிரித்துவிட்டுக் கலைந்தது. பஞ்சர் மட்டும் கொஞ்சம் பின்தங்கினார். அதற்குள் வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

"எங்க அவரு?" முதலாளியின் குரல்.

"குளிக்கிறாருங்க" என்றார் பஞ்சர்.

"இந்த நேரத்துலயா? வண்டிங்க வரிசையில நிக்குது, இவருக்குக் குளியலா?" காலடிகள் நெருங்கி வந்து ஐந்தாம் கதவின் முன்னால் நின்றன. செருப்பைப் பார்த்திருப்பார். "ஓஹோ. நிம்மதியாக் குளிக்கத்தான் தாழ்ப்பாளைக் கழட்டினாரா? இத்தனை நாள் எனக்குத் துருக் கதை சொன்னாரு பாரு! குளிச்சு முடிச்சு வரட்டும், நான் வாசல்லதான் இருப்பேன்."

பம்ப் அறையில், சாக்குக்குக் கீழே, துருவே இல்லாத நான்கு தாழ்ப்பாள்கள் கிடந்தன. வால்வு அண்ணனின் முகம் காதுவரை சூடேறியது. பதில் நாக்கின் நுனிவரை வந்தது. வெறும் பாதங்கள் இரண்டும் ஈரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

காலடிகள் வாசல் பக்கம் போய் ஓய்ந்தன. சுவரின் மறுபக்கம் இன்னும் குழாய் திறக்கவில்லை.

அவர் சக்கரத்தைப் பிடித்தார். வால்வு ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருந்தது, அதற்குமேல் திறக்க அதில் ஒன்றுமில்லை. மறுபக்கம் கேட்கட்டும் என்று இரண்டு கைகளாலும் அதைத் திறக்கும் பக்கமாகவே இன்னும் ஒரு முறை, கிறீச்சென்று, அழுத்தித் திருப்பினார்.